மேப்பிள் மரத்தடியில் ஜெரேனியம் வைத்த மூன்று வருடம்

எங்கள் தோட்டத்தில் ஒரு பெரிய மேப்பிள் மரம் நிற்கிறது. அதன் அடியில், தண்டைச் சுற்றி நாலு மீட்டர் தூரத்துக்குப் புல்கூட ஒழுங்காக முளைக்காது. கோடையில் புழுதி, இலையுதிர் காலத்தில் சருகு, குளிர்காலம் முழுக்கச் சேறு. அந்த வட்டத்தைப் பச்சையாக்க வேண்டும் என்றுதான் ஜெரேனியம் வாங்க ஆரம்பித்தேன். பிறகு அது வடக்குச் சுவரோரத்துக்கும், நாள் முழுக்க வெயில் காயும் மேட்டுச் சரிவுக்கும் பரவியது. மூன்று வருடம் குறித்துவைத்த நோட்டைப் பார்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜன்னல் ஓரத் தொட்டிகளில் சிவப்புப் பூக்கொத்தோடு நிற்கும் செடியைத்தான் பலரும் ஜெரேனியம் என்கிறார்கள். அது உண்மையில் பெலார்கோனியம். உறைபனி பட்டால் செத்துவிடும். நான் சொல்வது குளிர் தாங்கும் ஜெரேனியம். குளிர்காலத்தில் பல வகைகளுக்கு மேல்பாகம் காய்ந்து போகும், வேர் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும், வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். 1753ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இரண்டையும் ஒரே பெயரில் வைத்தார். 1789ல் லெரித்தியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெலார்கோனியத்தைத் தனியாகப் பிரித்தார். தோட்டக்காரர்கள் வாயில் மட்டும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. ஜெரேனியம் என்ற பெயர் கிரேக்கத்தில் கொக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, பெலார்கோனியம் நாரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து. இரண்டின் காயும் நீண்ட அலகு மாதிரி இருப்பதுதான் காரணம். பூவைப் பார்த்துப் பிரிக்கவும் ஒரு வழி உண்டு. ஜெரேனியத்தின் ஐந்து இதழ்களும் ஒரே அளவாக, வட்டமாக இருக்கும். பெலார்கோனியத்தில் மேல் இரண்டு இதழ்கள் அளவிலோ குறியிலோ கீழ் மூன்றிலிருந்து வேறுபடும்.

முதல் வருட வசந்தத்தில் ஒன்பது ஜெரேனியம் செடி வாங்கி மரத்தடியில் வைத்தேன். ரோசேன் மூன்று, சில்வாட்டிகம் மூன்று, கேண்டபிரிஜியன்ஸ் வகையில் பயோகோவோ மூன்று. மூன்று வகைகளின் பெயர் அட்டையிலும் அரை நிழல் என்ற குறி இருந்தது. சில்வாட்டிகம் என்றாலே காட்டைச் சேர்ந்தது என்றுதான் பொருள், மரத்தடிக்கு இதைவிடப் பொருத்தமான செடி ஏது என்று நினைத்தேன்.

கோடை நடுவில் மூன்றும் மூன்று விதமாக இருந்தன. சில்வாட்டிகம் இலை ஓரம் கருகி, ஒவ்வொரு இலையாக உதிர்த்து, கடைசியில் தரையோடு மறைந்துவிட்டது. ரோசேன் சாகவில்லை. வெளிச்சம் தேடி முழ நீளத்துக்கு மெலிந்த கொடிகளை விட்டது, மூன்று செடியிலும் சேர்த்து ஒரு நேரத்தில் ஏழெட்டுப் பூவுக்கு மேல் நான் பார்க்கவில்லை. பயோகோவோ மட்டும் கையளவுத் தூராக, எந்தக் குறையும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது. வளரவும் இல்லை, வாடவும் இல்லை.

இரண்டு நாள் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் காரணம் பிடிபட்டது. மரத்தடியில் ஒரு குழி எடுத்தேன். மேலே மூன்று செண்டிமீட்டர் ஈரம். அதற்குக் கீழே மண் கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்து போகிற அளவு காய்ந்து கிடந்தது. மரத்தின் இலைக்கூரை மழையில் ஒரு பங்கைத் தடுத்துவிடுகிறது. கீழே விழுவதையும் மேலாக ஓடும் மேப்பிள் வேர்கள் முதலில் குடித்துவிடுகின்றன. அதே காலையில் வடக்குச் சுவரோரம் தோண்டினேன். அங்கேயும் நிழல்தான், சொல்லப்போனால் இன்னும் அடர்த்தியான நிழல். ஆனால் மண் உருண்டையாகப் பிடிக்க வந்தது. அட்டையில் நிழல் என்று ஒரே சொல்லாக எழுதியிருப்பது தோட்டத்தில் இரண்டு வேறு இடங்கள். ஒன்று ஈர நிழல், இன்னொன்று வறண்ட நிழல். ஒன்றில் செழிக்கிற ஜெரேனியம் இன்னொன்றில் ஒரு கோடைகூடத் தாங்காமல் போகலாம். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் மூன்று சில்வாட்டிகம் பிழைத்திருக்கும்.

வெயிலையும் கண்ணால் மதிப்பிடுவதை நிறுத்தினேன். கோடையில் மேகமில்லாத ஒரு நாள் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை, மணிக்கு ஒருமுறை தோட்டத்தைச் சுற்றி, நேரடி வெயில் விழும் இடங்களைத் தாளில் வரைந்தேன். ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் முழு வெயில், மூன்றிலிருந்து ஆறு என்றால் அரை நிழல், அதற்குக் கீழே நிழல். மரவட்டத்தின் கிழக்கு ஓரம் காலையில் மூன்று மணி நேரம் வெயில் வாங்குகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த ஓரத்தையும் நான் நிழல் கணக்கில்தான் வைத்திருந்தேன். வசந்தத்தில் வரைந்திருந்தால் இந்தப் படம் பொய் சொல்லியிருக்கும், மரம் முழுதாக இலை விட்ட பிறகு வரைய வேண்டும்.

இலையுதிர் காலத் தொடக்கத்தில் மரத்தடியை மறுபடி எடுத்தேன். ரோசேன் மூன்றையும் வேர்க்கட்டோடு பெயர்த்துச் சரிவுக்குக் கொண்டு போனேன். மரத்தடிக்குப் புதிதாகத் தேர்ந்தெடுத்தது மேக்ரோரைசம் என்ற ஜெரேனியம். பால்கன் பகுதி மலைகளில் பாறை இடுக்குகளில் வளரும் செடி. தரையை ஒட்டி ஓடும் தடித்த தண்டுகளில்தான் அதன் பலம் இருக்கிறது, வறட்சியை அவை தாங்கிக்கொள்கின்றன. மைனஸ் 20 டிகிரிக் குளிரும் அதற்குப் பெரிய விஷயமில்லை. இலையைக் கசக்கினால் மூலிகை வாசம் கனமாக வரும், கை கழுவிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். பல்கேரியாவில் இதை ஸ்த்ராவெட்ஸ் என்கிறார்கள், ஆரோக்கியம் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். அங்கே இதிலிருந்து வாசனை எண்ணெய் வடிக்கிறார்கள். முயலும் மானும் இதைச் சீண்டாததற்கு அந்த வாசம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

மரவேருக்கு நடுவே நடுவதில் ஒரு முறை இருக்கிறது. முதல் வருடம் நான் செய்தது தவறு: இரண்டு லிட்டர் தொட்டிச் செடிகளை வாங்கி, அதற்கேற்ற பெரிய குழி எடுத்து, குறுக்கே வந்த வேர்களையெல்லாம் வெட்டினேன். மரத்துக்கும் காயம், அந்தக் குழிக்குள் மரம் புது வேர் விட்டுச் செடியோடு போட்டி போடவும் வழி. இந்த முறை மண்வெட்டியைத் தொடவே இல்லை. கைக்கரண்டியால் வேர்களுக்கு நடுவே இடம் தேடினேன். பெருவிரல் தடிமனுள்ள வேர் தட்டுப்பட்டால் அரையடி தள்ளிப் போனேன். குழி ஒவ்வொன்றும் காபிக் குவளை அளவுதான். அதில் ஒரு கை இலைமட்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, அது முழுக்க இறங்கிய பிறகுதான் செடி. காய்ந்த மண்ணில் நட்டுவிட்டு மேலே ஊற்றினால் தண்ணீர் பக்கவாட்டில் ஓடிவிடுகிறது, வேருக்குப் போவதில்லை.

மேக்ரோரைசத்துக்கு வேர் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு தோழியின் தோட்டத்தில் பழைய தூர் ஒன்று பாதையில் வழிந்திருந்தது. அதிலிருந்து நுனியில் இலைக்கொத்தோடு ஒரு விரல் நீளத் தண்டுகளாகப் பன்னிரண்டு ஒடித்துக்கொண்டு வந்தேன். சிலவற்றில் இரண்டொரு மெல்லிய வேர் இருந்தது, பலவற்றில் அதுவும் இல்லை. பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டு முழுவதும் மண்ணுக்குள் போய் இலைக்கொத்து மட்டும் மேலே நிற்கும்படி, முப்பது செண்டிமீட்டர் இடைவெளியில் புதைத்தேன். பதினொன்று பிடித்துக்கொண்டது. போன ஒன்று தண்டை ஒட்டியிருந்த இடத்தில் வைத்தது. பிறகு சுற்றிலும் ஐந்து செண்டிமீட்டர் இலைமட்கு மூடாக்கு. இலைக்கொத்தின் குருத்தையும் மரத்தின் தண்டையும் மூடாக்கு தொடக் கூடாது. இரண்டுமே அழுகலுக்கு வழி.

வறட்சி தாங்கும் செடிக்கும் முதல் கோடை விதிவிலக்கு. இரண்டாம் வருடக் கோடையில் வாரம் ஒருமுறை, செடிக்கு இரண்டு லிட்டர் கணக்கில் பூவாளியால் மெதுவாக ஊற்றினேன். தினமும் கொஞ்சம் தெளிப்பதால் பயனில்லை, மேல் வேர் மட்டும் வளரும். மூன்றாம் வருடம் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. இன்று நான் நட்ட பகுதியில் முக்கால் பங்கு மூடிவிட்டது. களை பிடுங்கவே தேவையில்லாத அளவுக்கு இலை நெருங்கியிருக்கிறது. வசந்த முடிவில் வரும் இளஞ்சிவப்புப் பூ மூன்று நாலு வாரம்தான். ஆனால் குளிரில்கூட இலையில் ஒரு பகுதி செடியிலேயே நிற்கிறது, இலையுதிர் காலத்தில் சில இலைகள் சிவந்து போகின்றன. எனக்கு அந்த இலைதான் முக்கியம்.

முதல் வருடம் வாடாமல் நின்ற பயோகோவோவும் இப்போது நன்றாகப் பரவுகிறது. மேக்ரோரைசமும் டால்மாடிகம் என்ற இன்னொரு ஜெரேனியமும் கலந்த வகை அது, குரோவேஷியாவின் பயோகோவோ மலையில் கண்டெடுத்தது. தாய் தந்தை இரண்டும் மலைப்பாறைச் செடிகள் என்பது தெரிந்த பிறகு அது ஏன் தாங்கியது என்பதில் ஆச்சரியம் இல்லை. வெள்ளைப் பூவின் நடுவில் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். வெயிலிலும் வரும், நிழலிலும் வரும். ஒரே ஒரு ஜெரேனியம் வாங்கப் போகிறவர் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வடக்குச் சுவரோரம் அதிகம் பாடுபடவில்லை. ஈர நிழல் என்று தெரிந்ததும் சில்வாட்டிகத்தை மறுபடி வாங்கி அங்கே வைத்தேன், கூடவே ஃபேயம் வகையில் சமோபோர். சமோபோரின் இலையில் கருஞ்சாக்லேட் நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். பூ சின்னது, அடர் மெரூன், இதழ்கள் பின்னால் மடங்கித் தலை குனிந்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, ஆகவே பாதையை ஒட்டி நட வேண்டும். ஆனால் தேனீக்களுக்குத் தெரிகிறது. காலையில் அந்தப் பூக்களுக்குக் கீழே தொங்கிக்கொண்டு வேலை செய்வதைப் பார்க்கலாம்.

சில்வாட்டிகம் பூக்கும்போது ஒன்றைப் பறித்து இதழின் அடிப்பகுதியைப் பாருங்கள், மெல்லிய ரோமங்கள் தெரியும். 1787ல் ஸ்பிரெங்கல் என்ற ஜெர்மானியர் இதே பூவில் இதே ரோமங்களைப் பார்த்து, காரணமில்லாமல் இவை இருக்காது, தேனை மழையிலிருந்து காக்கத்தான் இருக்க வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தார். பூச்சிகளுக்கும் பூக்களுக்கும் உள்ள உறவைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சியின் தொடக்கம் அதுதான். ஒரு லென்ஸ் இருந்தால் இன்னொன்றும் தெரியும். பூ விரிந்ததும் பத்து மகரந்தத் தாள்களும் முதலில் முதிர்ந்து தூளை உதிர்க்கின்றன. அதற்குப் பிறகுதான் நடுவில் சூலகமுடி ஐந்தாகப் பிரிந்து நட்சத்திரம் போல விரிகிறது. மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்திருக்கிறேன்.

இனி வெயில் சரிவு. அங்கே சாங்குவினியம், ரெனார்டி என்ற இரண்டு ஜெரேனியங்களை வைத்தேன். இரண்டும் வளமில்லாத, தண்ணீர் தங்காத மண்ணை விரும்பும். சாங்குவினியத்துக்கு நான் கொடுத்த கம்போஸ்டே அதிகம், முதல் கோடையில் இலை பெருகிப் பூ குறைந்தது. அடுத்த வருடம் ஒன்றும் போடவில்லை, அழுத்தமான மெஜந்தா நிறத்தில் தூர் முழுக்கப் பூத்தது. இலையுதிர் காலத்தில் அதன் இலை ரத்தச் சிவப்பாக மாறுவது தனி அழகு. சரிவின் கீழே மண் கொஞ்சம் கனம், அங்கே வைத்த சினேரியம் குளிர்கால ஈரத்தில் அழுகிப் போயிற்று. அதைக் கொன்றது குளிரல்ல, தேங்கிய தண்ணீர். சின்ன மலைப்பாறை வகைகளுக்குப் பாதி அளவு கூழாங்கல் பொடியும் மேட்டுப் பாத்தியும் வேண்டும்.

ரோசேனைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், அதற்குத் தகுதியான செடி. இங்கிலாந்தின் சாமர்செட்டில் டொனால்ட், ரோசேன் வாட்டரர் தம்பதியின் தோட்டத்தில் 1989ல் கிடைத்தது, 2000ல் விற்பனைக்கு வந்தது. 2008ல் அமெரிக்காவின் பல்லாண்டுத் தாவரச் சங்கம் அந்த ஆண்டின் செடியாகத் தேர்ந்தெடுத்தது. 2013ல் செல்சி மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டுச் செடி என்ற பெயரும் கிடைத்தது. ஹிமாலயன்ஸ், வாலிச்சியானம் என்ற இரண்டு இமயமலைச் செடிகளின் கலப்பு என்பதால், வெயில் வேண்டும், ஆனால் வேர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சரிவின் உச்சியில் வைத்த செடி கடும் வெயில் வாரங்களில் பூவைக் குறைத்துக்கொண்டு நிறமும் வெளிறியது. மதியத்துக்கு மேல் புதர் நிழல் விழும் இடத்தில் வைத்த இரண்டும் கோடைத் தொடக்கம் முதல் உறைபனி வரை நிறுத்தாமல் பூத்தன. விதை கட்டாத மலட்டுக் கலப்பு அது. விதைக்குப் போகிற சக்தியும் பூவுக்கே போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு செடி மீட்டர் அகலத்துக்குப் பக்கத்துச் செடிகள் மேல் ஏறும். பயப்பட வேண்டாம், அந்தக் கொடிகள் வேர் விடுவதில்லை. குளிர்காலத்தில் எல்லாம் காய்ந்து ஒரு கையளவுத் தூர்தான் மிஞ்சும். இடத்தை மறந்து வசந்தத்தில் மேலே மண்வெட்டி போடாமல் இருக்க ஒரு குச்சி நட்டுவையுங்கள்.

கவாத்துக்குத் தயங்கியதுதான் இரண்டாம் வருடத்தின் பெரிய நஷ்டம். மேக்னிஃபிகம் என்ற ஜெரேனியம் மூன்று வாரம் ஊதாக் கடலாகப் பூத்துவிட்டு நடுவில் பிளந்து நாலா பக்கமும் சாய்ந்தது. பச்சை இலையை வெட்ட மனம் வரவில்லை, இலையுதிர் காலம் வரை பழுத்த இலையோடு அலங்கோலமாகக் கிடந்தது. மூன்றாம் வருடம் பூ முடிந்த அன்றே மொத்தத் தூரையும் தரையிலிருந்து ஐந்து செண்டிமீட்டர் விட்டுக் கத்தரித்தேன், நன்றாகத் தண்ணீர் விட்டேன். ஒன்பதாம் நாள் நடுவில் புது இலை மடிப்புகள் தெரிந்தன. மூன்றாம் வாரம் சுத்தமான பச்சை மேடு. மேக்னிஃபிகம் மறுபடி பூக்கவில்லை, அது ஒருமுறை பூக்கிற வகை. அதே நாளில் வெட்டிய பிரட்டென்ஸ் என்ற வகை கோடைக் கடைசியில் கொஞ்சம் பூத்தது. முக்கியமாக, அதற்கு வருடா வருடம் வரும் சாம்பல் நோய் புது இலையில் வரவில்லை. வறட்சியும் காற்றோட்டமின்மையும் சேரும்போதுதான் இலை மேல் மாவு தூவினாற்போல் அது படிகிறது. ஆகவே மருந்துக்கு முன் கத்தரி. மரத்தடி மேக்ரோரைசத்தை மட்டும் இப்படி மொட்டையடிக்காதீர்கள், பூத்தண்டை எடுத்தால் போதும்.

பூச்சித் தொல்லை குறைவு. இலையில் வட்ட வட்டமாக ஓட்டை விழுந்தால் இலையைத் திருப்புங்கள், ரம்பஈயின் சாம்பல் பச்சைப் புழு இருக்கும். செடி பிழைத்துக்கொள்ளும். தொட்டியில் வைத்த செடிதான் ஆபத்து. ஒன்று ஈரமண்ணிலேயே வாடி நின்றது. இழுத்துப் பார்த்தால் வேரே இல்லாமல் கையோடு வந்தது. மண்ணைக் கொட்டினேன், பழுப்புத் தலையும் வெண்மஞ்சள் உடலுமாக, சுருண்ட புழுக்கள் பதினேழு. வைன் வீவில் என்ற கூன்வண்டின் குஞ்சுகள். மற்ற தொட்டிகளுக்குக் கோடை முடிவில், மண் இன்னும் சூடாக இருக்கும்போதே, இந்தக் குஞ்சுகளைக் கொல்லும் நுண்புழு கலந்த தண்ணீரை ஊற்றினேன். கடைகளில் கிடைக்கும் ஸ்டெய்னர்னெமா கிராவ்செய் என்ற நுண்புழு 5 டிகிரிக்கு மேல் மண்சூடு இருந்தால் வேலை செய்யும். வேரில்லாத செடியையும் தூக்கிப் போடவில்லை, அதன் மூன்று தண்டுகளின் அடியைச் சீவி ஈர மணலில் வைத்தேன், இரண்டு வேர் விட்டது.

விதை சேகரிக்க நினைப்பவர்கள் அலகு பழுப்பாகும் முன்பே பூத்தண்டைக் காகிதப் பையால் கட்டிவிட வேண்டும். காயும்போது அலகின் ஐந்து பட்டைகளும் சட்டென்று மேல்நோக்கிச் சுருண்டு விதையைக் கவண் போல எறிந்துவிடும். ஃபேயம் அப்படி எறிந்துதான் சுவரோரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிச் சரளைப் பாதையில் முளைத்தது. இலையில் வளையம் இருந்த நாற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டேன், சமோபோர் விதையிலிருந்து எல்லாம் தாயைப் போலவே வருவதில்லை. பெயருள்ள வகை வேண்டுமென்றால் தூர் பிரிப்பதுதான் வழி. மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை, வசந்தத்தில் துளிர் அரை விரல் உயரம் வந்ததும், கவையால் முழுத் தூரையும் தூக்கிக் கையால் பிரிக்கலாம். நடுவில் கட்டையாகிப் போன பகுதியைக் கழித்துவிட்டு வெளிவட்டத் துண்டுகளை நட வேண்டும்.

மேப்பிளின் தண்டை ஒட்டி அரை மீட்டர் வளையம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. மேக்ரோரைசமே தோற்ற இடம் அது. போன இலையுதிர் காலத்தில் அங்கே நோடோசம் ஐந்து சின்ன நாற்று வைத்தேன், பளபளப்பான, மடல் பிரிந்த இலையும் வெளிர் ஊதாப் பூவும் உள்ள, மெதுவாக வளரும் வகை. இந்த வசந்தத்தில் நான்கு துளிர்த்திருக்கின்றன. ஐந்தாவது இருந்த இடத்தை இன்று காலை விரலால் கிளறினேன், மண்ணுக்கடியில் சிவப்பாக ஒரு முளை இருந்தது. மெதுவாக மண்ணை மூடி, அரை லிட்டர் தண்ணீர் விட்டேன்.